ட்ரெட்மில் சர்வீஸ் ரிவ்யூ: கம்பெனி ஆளு சொன்னது 14,500, கடைசில ஆனது 1,650

முதல்லயே விஷயத்தைச் சொல்லிடறேன். எங்க வீட்டு ட்ரெட்மில் நடக்கும்போதே நடுவுல நடுவுல நின்னு போகுதுன்னு கம்பெனிக்கு போன் பண்ணோம், வந்தவரு பத்து நிமிஷம் பாத்துட்டு மோட்டார் போர்டு (மோட்டாரை ஓட வைக்கிற சர்க்யூட் போர்டு) போயிடுச்சு, மாத்தணும், 14,500 ஆகும்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அதே மெஷினை ஒரு லோக்கல் மெக்கானிக் அண்ணன் 1,650 ரூபாய்ல சரி பண்ணிக் குடுத்து இன்னையோட அஞ்சு மாசம் ஆச்சு, தினமும் மூணு பேரு நடக்கறோம், ஒரு தடவை கூட நிக்கல. கம்பெனி பேரு நான் போடல. எங்க அபார்ட்மெண்ட்ல மூணு வீட்ல மூணு வேற வேற பிராண்டு இருக்கு, மூணு வீட்லயும் கிட்டத்தட்ட இதே அனுபவம் தான், அதனால பிராண்டைத் திட்டி ஒண்ணும் ஆகப் போறதில்ல, மெஷினைப் பாத்துக்கிற முறையைப் பத்தி எழுதினா நாலு பேருக்கு உதவும்னு தான் இது.

நாங்க இருக்கிறது திருவான்மியூர், கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி. அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சப்புறம் டாக்டர் தினம் அரை மணி நேரம் நடக்கணும்னு சொல்லிட்டாரு. பீச் பக்கத்துலயே இருக்கேன்னு எல்லாரும் கேப்பாங்க, ஆனா எங்க தெருவுல நடைபாதைன்னு ஒண்ணு ஒழுங்கா கிடையாது, காலைல நாய்ங்க கூட்டம், மழை பெஞ்சா பள்ளம் எங்க இருக்குன்னே தெரியாது, 71 வயசு ஆளை அதுல அனுப்பிட்டு வீட்ல நிம்மதியா உக்கார முடியல. அதனால தான் மூணு வருஷம் முன்னாடி இந்த மெஷினை வாங்கினோம். ஆக இது எங்களுக்கு ஃபேன்சி பொருள் இல்ல, அப்பாவோட மாத்திரை மாதிரி. துணி காயப் போடற ஸ்டாண்டா மாறிடும்னு வாங்கும்போது சொன்னவங்க உண்டு, எங்க வீட்ல ஒரு நாள் கூட அப்படி ஆகல.

வாங்கின முதல் வருஷம் வாரண்டி. ரெண்டாவது வருஷம் ஏஎம்சி, அதாவது வருஷ பராமரிப்பு ஒப்பந்தம் போட்டோம், ஜிஎஸ்டியோட 3,540. வருஷத்துக்கு ரெண்டு விசிட். ரெண்டு தடவையும் ஒரு பையன் வந்தாரு, டிஸ்பிளேவைத் துணியால துடைச்சாரு, ஆன் பண்ணி ஒரு நிமிஷம் ஓட விட்டாரு, போட்டோ எடுத்துக்கிட்டாரு, ஷீட்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. அந்த ஷீட்ல ஆயில் போட்டாச்சு, பெல்ட் செக் பண்ணியாச்சு, மோட்டார் கிளீனிங் பண்ணியாச்சுன்னு எல்லாத்துலயும் டிக். மோட்டார் கவரை அவரு ஸ்க்ரூ கழட்டவே இல்ல, அது என் கண்ணு முன்னாடி நடந்தது. அப்ப எனக்கு விவரம் தெரியாது, அதனால கேக்கல. இப்ப நினைச்சா கோவம் வருது, ஏன்னா அன்னைக்கு 30 எம்எல் ஆயில் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

பிரச்சனை ஆரம்பிச்சது மெதுவாத் தான். காலை வைக்கும்போது பெல்ட் ஒரு நொடி பிடிச்சு பிடிச்சு விடற மாதிரி இருக்கும், அம்மா நடந்தா தெரியாது, கொஞ்சம் வெயிட்டான ஆளு நடந்தாத் தெரியும். அப்புறம் பதினஞ்சு நிமிஷம் ஆனா லேசா கருகின வாடை. ஒரு நாள் காலைல அப்பா நடந்துட்டு இருக்கும்போது பெல்ட் சட்டுனு நின்னுடுச்சு, அவரு முன்னாடி சாஞ்சு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டாரு, நல்லவேளை அடி எதுவும் படல, ஆனா முட்டி ரெண்டும் நடுங்கிட்டு இருந்துச்சு, அன்னைக்கு முழுக்க அவரு ஒண்ணுமே பேசல. மறுநாள் நான் மெஷின்ல ஏற மாட்டேன்னுட்டாரு. எனக்கு அது தான் பெரிய பயம். நடக்கிற பழக்கம் ஒரு தடவை விட்டுப் போச்சுன்னா திரும்பக் கொண்டு வர்றது எவ்வளவு கஷ்டம்னு அந்த வயசுல அப்பா அம்மா இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

கம்பெனி நம்பருக்கு போன் பண்ணி டிக்கெட் போட்டு ஒன்பது நாள் கழிச்சு ஆள் வந்தாரு. விசிட் சார்ஜ் 590. டிஸ்பிளேல வந்த எரர் நம்பரைப் பாத்தாரு, போன்ல யார்கிட்டயோ பேசினாரு, போர்டு போச்சுன்னுட்டாரு. கவரைத் திறந்து பாருங்களேன்னு கேட்டேன், தேவையில்ல மேடம், இந்த எரர் வந்தா போர்டு தான்னு சொன்னாரு. போர்டு மாத்தினா திரும்ப போகாதுன்னு கேரண்டி உண்டான்னு கேட்டதுக்கு மூணு மாசம்னாரு. 14,500 குடுத்து மூணு மாசமா?

எங்க தெரு முனையில இருக்கிற ஜிம்முல கேட்டப்ப அவங்க மெஷின் எல்லாம் பாக்கிற ஒரு அண்ணன் நம்பர் குடுத்தாங்க. பத்து மணிக்கு வரேன்னவரு ஒண்ணரை மணிக்குத் தான் வந்தாரு, அது ஒரு குறை, சொல்லிடறேன். ஆனா வந்தப்புறம் ரெண்டரை மணி நேரம் இருந்தாரு, ஒவ்வொண்ணையும் என்னைப் பக்கத்துல நிக்க வச்சு காட்டிக் காட்டிச் செஞ்சாரு.

மொதல்ல மெஷினையே தொடல. பிளக் எங்க மாட்டியிருக்கீங்கன்னு கேட்டாரு. சோபாவுக்குப் பின்னாடி ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல தான் மாட்டியிருந்தோம், அதே பாக்ஸ்ல டிவியும் இருந்துச்சு. அந்த பாக்ஸைத் தொட்டுப் பாருங்கம்மான்னாரு, சூடு. ட்ரெட்மில்லுக்கு எர்த் உள்ள 16 ஆம்ப்ஸ் பவர் பிளக் தனியா வேணும், நடுவுல எக்ஸ்டென்ஷன் எதுவும் கூடாதுன்னு சொல்லி ஏசிக்கு விட்டு வச்சிருந்த பாயிண்ட் பக்கம் மெஷினை நகர்த்த வச்சாரு. எர்த் சரியில்லைன்னா கைப்பிடி கம்பியைத் தொடும்போது சுருக்குன்னு அடிக்கும், எங்களுக்கு அது கூட கொஞ்ச நாளா இருந்துச்சு, குளிர்காலம்னா அப்படித் தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டோம், சென்னையில எங்க குளிர்காலம்.

அப்புறம் பெல்ட்டுக்கு அடியில கையை விட்டுப் பாக்கச் சொன்னாரு. இதை வீட்ல ட்ரெட்மில் வச்சிருக்கிற எல்லாரும் இன்னைக்கே செஞ்சு பாருங்க, பிளக்கைப் பிடுங்கிட்டு பெல்ட் ஓரத்தைத் தூக்கி உள்ள கையை விட்டு நடுப் பலகையைத் தடவிப் பாருங்க, விரல்ல வழுவழுன்னு லேசா ஆயில் ஒட்டணும். எங்களுது சாக்பீஸ் தடவின மாதிரி காஞ்சு போய் இருந்துச்சு, கையில கருப்பா பொடி. பெல்ட் அந்தப் பலகை மேல தான் நாள் முழுக்க உரசிக்கிட்டே ஓடுது, நம்ம வெயிட்டு முழுக்க அது மேல தான். ஆயில் இல்லன்னா உரசல் அதிகமாகும், உரசல் அதிகமானா மோட்டார் அதே வேகத்துக்கு அதிக கரண்ட் இழுக்கும், அதிக கரண்ட் போனா போர்டு சூடாகும், சூடு தாங்காம அது தானா கட் பண்ணிக்கும். இப்படியே விட்டா போர்டு நிஜமாவே எரிஞ்சு போகும். கம்பெனி ஆளு போர்டை மாத்தியிருந்தா புது போர்டும் அதே காஞ்ச பலகையை இழுத்து இழுத்து இன்னொரு வருஷத்துல போயிருக்கும்.

இதை அவரு வாயால சொன்னதோட விடல. பையில இருந்து ஒயர்ல எவ்வளவு கரண்ட் போகுதுன்னு அளக்கிற கிளாம்ப் மீட்டரை எடுத்தாரு, அதை மொத்த ஒயர் மேல மாட்டினா ரீடிங் வராது, ஒத்தை ஒயர்ல தான் மாட்டணும், அதுக்குன்னே பிரிச்சு வச்ச ஒரு சின்ன கார்டு அவர்கிட்டயே இருந்துச்சு. என்னை 4 கிமீ வேகத்துல நடக்க விட்டுப் பாத்தாரு, 6.8 ஆம்ப்ஸ். வேலை எல்லாம் முடிஞ்சப்புறம் அதே வேகம் அதே நான், 2.9. நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். ஒரு சர்வீஸ் ஆளு நிஜமாவே வேலை செஞ்சாரான்னு தெரிஞ்சுக்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல, முன்னாடி எவ்வளவு பின்னாடி எவ்வளவுன்னு கேளுங்க.

அடுத்து மோட்டார் கவர். பிளக்கைப் பிடுங்கிட்டு உடனே திறக்கல, அஞ்சு நிமிஷம் காத்திருந்தாரு, போர்டுல இருக்கிற கெபாசிட்டர்ல கரண்ட் கொஞ்ச நேரம் தங்கும், உடனே கையை வச்சா ஷாக் அடிக்கும்னாரு. நீங்களா திறக்கறதா இருந்தா தயவு செஞ்சு இதை மறக்காதீங்க. திறந்தா உள்ள மூணு வருஷத்து தூசி, தலைமுடி, பஞ்சு, ஒரு மூலையில ரெண்டு பல்லி முட்டை ஓடு, எறும்பு கூட்டமா செத்துக் கிடக்கு. பெயிண்ட் பிரஷ்ஷால எல்லாத்தையும் தட்டி எடுத்து, சின்ன ப்ளோயரை தூரமா வச்சு ஊதினாரு. மோட்டாருக்குக் காத்து போற வழியே அடைச்சுப் போயிருந்துச்சு.

அந்த எரர் எதனாலன்னா, பெல்ட்டைச் சுத்த வைக்கிற உருளை (ரோலர்) புல்லியில ஒரு குட்டிக் காந்தம் இருக்கும், அதுக்கு எதிர்ல ஒரு சென்சார், அது சுத்தறதை எண்ணித் தான் வேகம் என்னன்னு மெஷினுக்குத் தெரியும். அந்த சென்சார் ஒயரோட கனெக்டர்ல பச்சைக் களிம்பு ஏறியிருந்துச்சு. கடல் காத்துன்னாரு ஒரே வார்த்தையில. எங்க வீட்ல ஜன்னல் கதவு பூட்டு, சைக்கிள், இஸ்திரிப் பெட்டி எதுவா இருந்தாலும் சீக்கிரம் துருப்பிடிக்கும், அது தெரிஞ்சும் இதை யோசிக்கல, காத்து நல்லா வருதேன்னு பால்கனி ஓரமா வேற வச்சிருந்தோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப கரண்ட் இல்லாம மெஷின் சும்மா ஈரக் காத்துல நின்னுச்சு, அப்பவே ஆரம்பிச்சிருக்கும்னு எனக்குத் தோணுது. சென்சாரும் ஒயரும் புதுசு 400 ரூபா. விசிட்டும் வேலையும் 800. சிலிகான் ஆயில் பாட்டில் 450. அவ்வளவு தான் அந்த 1,650. போர்டு நல்லாத் தான் இருந்துச்சு.

ஆயிலைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இதுல தான் நிறைய பேரு தப்பு பண்றாங்க. 100% சிலிகான் ஆயில் மட்டும் தான். எங்க பெரியப்பா வீட்ல தையல் மெஷின் ஆயிலை ஊத்தினாங்க, கொஞ்ச நாள்ல பெல்ட் ஓரம் ரெண்டு பக்கமும் சுருண்டுக்கிச்சு, பெல்ட்டே மாத்த வேண்டியதாப் போச்சு. பெட்ரோலியம் ஆயில் எதுவா இருந்தாலும் பெல்ட்டைக் கெடுக்கும், தேங்காண்ணெய், துரு எடுக்கிற ஸ்ப்ரே, கிரீஸ் எதையும் பலகைகிட்ட கொண்டு போகாதீங்க. சில மாடல்ல பலகையிலயே மெழுகு ஏத்தி வர்றது உண்டு, அதுக்கு ஆயிலே போடக் கூடாது, அதனால மேனுவலைத் தேடி எடுத்து ஒரு தடவை படிச்சிட்டு ஆரம்பிங்க.

போடற முறை: பிளக்கைப் பிடுங்கணும், பெல்ட் ஓரத்தைத் தூக்கி பாட்டில் குழாயை எவ்வளவு உள்ள போகுமோ அவ்வளவு உள்ள விட்டு, கால் விழற இடம் எதுவோ அங்க வளைச்சு வளைச்சுக் கோடு போட்ட மாதிரி விடணும், அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம் பாதி, மொத்தம் எங்க மெஷினுக்கு 30 எம்எல். அப்புறம் ஆன் பண்ணி மெதுவான வேகத்துல அஞ்சு நிமிஷம் பெல்ட் முழு அகலத்துலயும் இந்த ஓரம் அந்த ஓரம்னு கால் மாத்தி மாத்தி நடந்தா எல்லா இடத்துக்கும் பரவிடும். நிறைய ஊத்தினா நல்லதுன்னு நினைக்காதீங்க, அது ஓரமா வழிஞ்சு ரோலர்ல போய் பெல்ட்டை வழுக்க வைக்கும், தூசியை இழுக்கும். நடக்கிற பக்கத்துல பட்டா உடனே துடைச்சிடுங்க, வயசானவங்க ஏறற இடம்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவைங்கிறது தான் எங்களை ஏமாத்தின விஷயம். எங்க மேனுவல்ல மூணு மாசம் இல்லன்னா 200 கிமீ, எது முதல்ல வருதோ அதுன்னு போட்டிருக்கு. நாங்க மூணு மாசத்தைத் தான் மனசுல வச்சிருந்தோம், அதுவும் ஏஎம்சி பையன் போட்டிருப்பாருன்னு நம்பி. அந்த அண்ணன் கேட்டப்புறம் தான் உக்காந்து கணக்குப் போட்டேன். அப்பா 40 நிமிஷம், 4 கிமீ வேகம். அம்மா அரை மணி. நான் ராத்திரி முக்கால் மணி கொஞ்சம் வேகமா. ஒரு நாளைக்கு எட்டு கிமீக்கு மேல வருது, மாசம் 25 நாள்னு வச்சாலே 200 தாண்டிடுது. அதாவது எங்க வீட்டுக்கு மாசா மாசம் ஆயில் போடணும். ஒரே ஆளு வாரம் அஞ்சு நாள், அரை அரை மணியா 150 நிமிஷம் நடக்கிற வீட்டுக்கு மூணு மாசம் தாராளமா போதும். வீட்ல எத்தனை பேரு நடக்கறீங்களோ அதை வச்சு கிமீ கணக்குப் பாருங்க, காலண்டரை மட்டும் பாக்காதீங்க. அப்பா இப்ப தினசரி காலண்டர் பக்கத்துல ஒரு நோட்டு தொங்க விட்டு கிமீ எழுதறாரு, 200 வந்தா சிவப்பு மையில கோடு.

பெல்ட் ஒரு பக்கமா ஒதுங்கிப் போனா பயப்படாதீங்க, பின்னாடி ரோலர் ரெண்டு ஓரத்துலயும் ஒரு போல்ட் இருக்கும், மெஷினோட குடுத்த அலன் கீ தான் அதுக்கு. பெல்ட் வலது பக்கம் போனா வலது போல்ட்டை வலஞ்சுழியா கால் சுத்து, இடது பக்கம் போனா இடது போல்ட்டைக் கால் சுத்து. அதுக்கு மேல சுத்தாதீங்க, ஆளில்லாம மெதுவா ஒரு நிமிஷம் ஓட விட்டுப் பாத்துட்டு அப்புறம் தேவைன்னா இன்னொரு கால் சுத்து. லூஸா இருக்கான்னு பாக்க நடுப் பெல்ட்டை ஓரத்துல பிடிச்சுத் தூக்கினா ரெண்டு மூணு இஞ்ச் எழும்பணும், எழும்பவே இல்லன்னா ரொம்ப டைட், அது ரோலர் பேரிங்கையும் மோட்டாரையும் சாப்பிட்டுடும். டைட் பண்றதா இருந்தா ரெண்டு பக்கமும் சமமா. நடக்கும்போது வழுக்கினா இன்னொண்ணு கவனிக்கச் சொன்னாரு: கால் வைக்கும்போது பெல்ட் நின்னு முன்னாடி ரோலர் மட்டும் சுத்தினா நடக்கிற பெல்ட் லூஸ், ரோலரே நின்னு மோட்டார் மட்டும் சுத்தினா உள்ள இருக்கிற மோட்டார் பெல்ட் லூஸ். முதலாவதை நம்மளே சரி பண்ணலாம், ரெண்டாவதுக்கு ஆளைக் கூப்பிடணும்.

அம்மாவோட பழைய எக்சர்சைஸ் சைக்கிள் ஒண்ணு மூலையில இருந்துச்சு, மிதிச்சா டக் டக்குனு சத்தம். கேக்காமலே பாத்துக் குடுத்தாரு, பெடல் கை நட்டு லூஸ், டைட் வச்சதும் சத்தம் போச்சு, இடது பெடல் மரை எல்லாத்துக்கும் எதிர்த் திசைன்னு சொன்னாரு, தெரியாம எல்லாத்தையும் ஒரே பக்கம் முறுக்கினா மரை தேஞ்சு போகும். வியர்வையைத் துடைக்கணும்னாரு, உப்பு தானே அதுவும். இதுக்குத் தனியா காசு வாங்கல.

குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு ஒரு வார்த்தை. லீவுல என் தங்கச்சி பசங்க வருவாங்க, அதனால நடந்து முடிச்சதும் சேஃப்டி கீயை எடுத்து பீரோல வச்சிடறேன், கீ இல்லன்னா பெல்ட் ஓடாது. 2021 மே மாசம் அமெரிக்காவுல பெலோட்டன் கம்பெனி ஒரு குழந்தை இறந்தப்புறம் அவங்க ட்ரெட் பிளஸ் மாடல்ல சுமார் 1,25,000 மெஷினைத் திரும்ப வாங்கிக்கறதா அறிவிச்சாங்க, ஏன்னா ஓடற பெல்ட் பின்பக்கமா உள்ள இழுத்துடுது. எந்த ட்ரெட்மில்லா இருந்தாலும் பின்பக்கம் அந்த ஆபத்து உண்டு. நடக்கும்போது கீயோட கிளிப்பைச் சட்டையில மாட்டிக்கச் சொல்லி அப்பாவோட நான் மூணு வருஷமா சண்டை போட்டேன், அந்த நின்னு போன நாளுக்கப்புறம் அவரே மாட்டிக்கறாரு.

அண்ணன்கிட்ட குறைன்னா, நேரம் தவறுவாரு, பில் கிடையாது, எழுத்துல கேரண்டி கிடையாது, டிஸ்பிளே போச்சுன்னா அது எங்கிட்ட பார்ட் கிடைக்காது, கம்பெனியைத் தான் கேக்கணும்னு நேராவே சொல்லிட்டாரு. வாரண்டி இருக்கிற மெஷினை வெளி ஆளு திறந்தா வாரண்டி போகலாம், அதனால முதல் வருஷத்துல கம்பெனி ஆளையே வர வச்சு, கவரைக் கழட்டி கிளீன் பண்ணுங்க, என் கண்ணு முன்னாடி ஆயில் போடுங்க, அப்புறம் தான் கையெழுத்துன்னு உறுதியாச் சொல்லுங்க. நாங்க அதைத் தான் செய்யாம விட்டோம்.

கம்பெனி சர்வீஸுக்கு 5க்கு 1. அண்ணனுக்கு 4.5, அந்த அரை அவரு மூணரை மணி நேரம் லேட்டா வந்ததுக்கு. மெஷினுக்கு 4, மோட்டார் நல்ல மோட்டார் தான், இவ்வளவு அலட்சியத்தையும் தாங்கியிருக்கு. அண்ணன் போகும்போது, மோட்டாருக்குள்ள உரசிக்கிட்டே கரண்ட் குடுக்கிற கார்பன் பிரஷ் பாதி தேஞ்சிருக்கு, இன்னும் ஒரு ஆறு எட்டு மாசம் வரும், பொறி பறக்கிற மாதிரி சத்தமோ வாடையோ வந்தா முன்னாடியே கூப்பிடுங்கம்மான்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அதை மாத்தினதும் எவ்வளவு ஆச்சுன்னு இதுக்கு அடியிலயே சேத்து எழுதறேன்.